அரைக்கட்டை இறக்கம்

அத்தியாயம் 17

காலையில் பல் தேய்க்கும்போதுகூட மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக வாய் நிறைய நுரை இருக்கும்போதுதான் அவளுக்கு உலகத்தில் உள்ள பேச்செல்லாம் வரும்.

பெரியவள் அடுப்படியில் நின்றபடியே கவனித்துக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தங்கை பிறந்த அன்றைக்கு இவள் பெரியவளானாள், தங்கை சின்னவள். இன்று நாற்பத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. கட்டியவர்கூட அவளைப் பெரியவளே என்றுதான் கூப்பிடுகிறார்.

நேற்று மாலை மகள் சிவப்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் இசைக்குழுவில் வாசித்துக்காட்டப் போனதும், போன சூட்டில் திரும்பி வந்ததும், "தலை வலிக்குது" என்று கதவைச் சாத்திக்கொண்டதும் வாசகர்களுக்குத் தெரியும். சாத்திய கதவு இப்போதுதான் திறந்திருக்கிறது.

சிவப்பி, பெரியவளின் பத்தொன்பதாவது வயதில் வீட்டுக்கு வந்த எலெக்ட்ரிக் கிடார். அவளுடைய முதல் கிடார். அதற்குப் பின் இன்னொன்று வரவும் இல்லை. வந்தபோது தக்காளிச் சிவப்பு. இப்போது ஓரமெல்லாம் வெளுத்து ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது. வால்யூம் திருகை இரண்டு தடவை முன்னும் பின்னும் திருகினால்தான் தொண்டைக் கரகரப்பு போகும். தலைப்பக்கத்தில் ஒரு மூலை உடைந்திருக்கும். சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்பில் செருகியதும் ஙொய்யென்று ஓர் இரைச்சல் போடும். கம்பியின் மேல் கையை வைத்தால் அடங்கிவிடும், எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பெரியவள் அடிக்கடி சொல்வாள்: "ரெண்டும் ஒரே ரகம். தூக்கி வச்சிருந்தாத்தான் சும்மா இருக்கும்."

தட்டை முன்னால் வைத்ததும் மகள் பேச ஆரம்பித்தாள். அம்மாவிடம் இல்லை, அப்பாவிடம்.

"கீபோர்டு வாசிக்கிறவன் போன்ல சுருதி ஆப்பை வச்சுப் பார்த்தான்பா. ஆறு கம்பியும் ஒண்ணுக்கொண்ணு சுத்தமா சேர்ந்திருக்கு. ஆனா ஆறுமே அரைக்கட்டை கம்மி. ஒரே அளவு கம்மி."

"அரைக்கட்டைன்னா எவ்வளவு?" அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். எதையும் அளவோடு கேட்டால்தான் அவருக்குப் புரியும்.

"கீபோர்டுல ஒரு வெள்ளைக் கட்டைக்கும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கும் உள்ள தூரம்."

"இவ்வளவுதானே? எங்க தொழில்ல அரை டிகிரி முன்னப் பின்ன இருந்தா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

மகள் சிரிக்கவில்லை. "அவங்க கிடார் ஒண்ணைக் கையில கொடுத்தாங்க. சரியான சுருதி. எனக்கு ஒண்ணும் ஓடல. பழகின பாட்டெல்லாம் யார் வீட்டுப் பாட்டோ மாதிரி இருக்கு. பாடினா குரல் பழைய இடத்துலயே போய் நிக்குது. யாரு கத்துக்கொடுத்தாங்கன்னு கேட்டான். அம்மான்னேன். உங்க அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமோன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

அடுப்படியில் பெரியவளின் கை நின்றது.

"நான் சொன்னேன், பக்கத்து வீட்டு மிக்ஸி எந்த சுருதியில ஓடுதுன்னு எங்க அம்மா சொல்லுவாங்கன்னு. அதுக்கும் சிரிச்சாங்க." மகள் தட்டை விரலால் கீறினாள். "இன்னிக்கு அஞ்சு மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. இன்னொருத்தியும் வர்றா. ரெண்டு பேருல ஒருத்தர்தான்."

தலைவலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. தோற்றதற்காகக் கதவைச் சாத்திக்கொண்ட பெண் இல்லை இவள். அம்மாவைக் கேலி செய்து சிரித்ததற்காகச் சாத்திக்கொண்டவள்.

மகள் எழுந்து சிவப்பியை எடுத்து மடியில் வைத்தாள். "இப்ப ஏத்திட்டு மத்தியானம் வரைக்கும் வாசிச்சா காது பழகிடும்." விரல் தலைப்பக்கத்துத் திருகுக்குப் போனது.

"தொடாதே."

மகளும் அப்பாவும் ஒன்றாகத் திரும்பினார்கள். அந்தக் குரலை அந்த வீடு கேட்டதில்லை. பெரியவளுக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"ஏம்மா?"

"கழுத்து வளைஞ்சிடும். பழசு."

"பழசுன்னா நேத்துத் தூக்கிட்டுப் போனப்ப ஏன் சொல்லல?"

அப்பா நடுவில் புகுந்தார். "விடும்மா. யார்கிட்டயாவது ஒரு நாளைக்கு இரவல் கேட்டுப் பார்ப்போமே."

"சிவப்பி இல்லாம என் விரலுக்கு வழி தெரியாதுப்பா. நான் தொட்ட முதல் கிடாரே அதுதானே. இரவல்ல போய் என்னத்தை வாசிக்கிறது?" மகள் கிடாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பாதியில் ஜிப் சிக்கிக்கொண்டது. அந்த எரிச்சலிலேயே சொன்னாள்: "அவன் சொன்னது சரிதான் போல. காதுல ஏதோ கோளாறு."

சொன்ன வேகத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வார்த்தை வெளியே போயிருந்தது. பெரியவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது கணவர் பின்னாலேயே வந்தார்.

"நான் கேக்க மாட்டேன்," என்றார். "இருபது வருஷமா கேக்கல. ஆனா அந்தப் பொண்ணுக்கு நீ ஏதாவது சொல்லித்தான் ஆகணும், பெரியவளே."

*

அன்று கடையில் ஒரு ஃபிரேமில் வலதை இடதாகவும் இடதை வலதாகவும் பொருத்தினாள். கவுன்டரில் இருப்பவள் பார்த்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "அக்கா, இந்த மனுஷன் இதைப் போட்டுட்டு ரோட்டைத் தாண்டினா நேரா சொர்க்கம்தான்."

பெரியவள் லென்ஸைக் கழற்றினாள். பதினெட்டு வருடத்தில் இது இரண்டாவது முறை. முதல் முறை, சின்னவள் இந்த ஊர் ரயில்வே ஸ்டேஷனுக்கு அறிவிப்பாளராக மாற்றலாகி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்று.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் ஒரு வார்த்தையில் வந்து நிற்கிறது.

இருபத்தைந்து வருடம் முன்பு நான்கு பேராக ஒரு குழு வைத்திருந்தார்கள். சின்னவள் பாடுவாள், பெரியவள் வாசிப்பாள். சின்னவளின் குரல் மேலே ஒரு படி எட்டாது. எட்டாவிட்டால் என்ன, கீழே அந்தக் குரலில் தேன் வடியும். அதற்காக ஆறு கம்பியையும் அரைக்கட்டை இறக்கி வைத்துக்கொண்டாள் பெரியவள். மூன்று வருடம் அப்படியே போனது. பிறகு ஒரு பெரிய அரங்கத்தில் வாசிக்க அழைப்பு வந்தது. டிரம்ஸ்காரன், எல்லாப் பாட்டையும் அரைக்கட்டை ஏற்றினால் எடுப்பாக இருக்கும் என்றான். சின்னவள் முடியாது என்றாள். ஒத்திகையில் எல்லார் முன்னாலும் பெரியவள் கேட்டாள்: "உனக்காக இன்னும் எவ்வளவுதான் இறங்கிப் போறது?"

சின்னவள் மைக்கை அதன் கம்பத்தில் நிதானமாக மாட்டிவிட்டுப் போனாள். அதன்பிறகு பாடவில்லை. விசேஷ வீடுகளில் பார்த்துக்கொள்வார்கள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீ?" அவ்வளவுதான்.

கம்பியைத்தான் சொன்னேன் என்று பெரியவள் தனக்குள் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பாள். வருடம் தவறாமல் சிவப்பிக்குப் புதுக் கம்பி மாற்றும்போதும் அரைக்கட்டை இறக்கியே கட்டினாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தபோதும் சொல்லவில்லை. என்றைக்காவது சின்னவள் வந்து நின்றால், திருகைத் தொடாமல் உடனே பாட்டைத் தொடங்க முடிய வேண்டும். அதை ஏற்றுவது என்றால், இனி அவள் வர மாட்டாள் என்று கையெழுத்துப் போடுவது.

அதற்காக மகள் காத்திருக்கலாமா? ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளையின் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

சனிக்கிழமை அரைநாள்தான் கடை. ஒரு மணிக்கு வெளியே வந்த பெரியவள் நேராக வீட்டுக்குப் போகிற தெருவில் திரும்பவில்லை.

*

அறிவிப்பு அறை முதலாம் நடைமேடையின் கோடியில் இருந்தது. கதவின் மேல்பாதி கண்ணாடி. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், அதன் பக்கத்தில் சிவப்பு பல்பு ஒன்று. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு சின்னவள் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் எழுந்திருக்கவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"என்ன அக்கா, வண்டியை விட்டுட்டியா?"

"நான் எங்க வண்டியில போறேன்?"

"தெரியும். எட்டு மாசமா தினம் எட்டரைக்கு இந்தப் பக்கமா நடந்துதான் போறே. குடை, கைப்பை, ஒரு சாப்பாட்டு டப்பா. இந்த ஜன்னல் எதுக்கு இருக்குன்னு நினைச்சே?"

பெரியவளுக்குக் காது சூடானது. தங்கையின் குரலைக் கேட்பதற்காகவே தினமும் பத்து நிமிடம் சுற்றிப் போகிற திருட்டுத்தனம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். எந்த வண்டி எந்த நடைமேடை என்பதை அவள் கேட்பதே இல்லை, அந்தக் குரல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும்தான்.

"ஒண்ணு கேக்கணும். சிவப்பியை ஏத்தணும். பொண்ணுக்காக."

"எங்க ஏத்தணும், பரண் மேலயா?"

"சுருதியை."

சின்னவள் பேனாவைக் கீழே வைத்தாள். மேசையில் முழங்கையை ஊன்றி முன்னால் குனிந்தாள். "இன்னும் அரைக்கட்டை இறக்கியா வச்சிருக்கே?"

"ஆமா."

"எதுக்கு?"

"நீ வந்தா உடனே பாடணுமில்ல."

வெளியே யாரோ பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

"எனக்காக நீ இறங்கிப் போனது போதாதா அக்கா?" சின்னவள் மேசையைப் பார்த்தபடி கேட்டாள்.

கம்பியைத்தான் சொன்னேன். அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. இத்தனை வருடம் தேய்த்துத் தேய்த்து எந்த ஃபிரேமிலும் பொருந்தும்படி செய்துவைத்த வாக்கியம். வாயைத் திறந்தபோது அது பொருந்தவில்லை.

"நான் கம்பியை மட்டும் சொல்லல," என்றாள் பெரியவள். "உன்னையும்தான் சொன்னேன். எல்லாரும் உன் குரலையே பேசினாங்க. நான் பின்னாடி நின்னு வாசிக்கிறவ. எனக்கு வயிறு எரிஞ்சது."

எரிஞ்சது, என்றாள் வெளியே யாரோ ஒரு பெண். பெரிய குரலில், கூரையெங்கும் மோதி.

இருவரும் மைக்கைப் பார்த்தார்கள். சின்னவளின் முழங்கைக்கு அடியில் பொத்தான். பல்பு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

கதவுக் கண்ணாடிக்கு வெளியே போர்ட்டர் ஒருவர் நின்றிருந்தார். "மேடம், இது எந்த வண்டிக்கு?" என்று பவ்யமாகக் கேட்டார்.

சின்னவள் பொத்தானை அணைத்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. அவள் சின்ன வயதிலிருந்தே இரண்டுக்கும் ஒரே தோள்தான்.

"இருபத்திரெண்டு வருஷம் வாய்க்குள்ளயே வச்சிருந்துட்டு, சொல்லும்போது மூணு நடைமேடைக்கும் சேர்த்துச் சொல்லிட்டியே அக்கா."

"நீதான் முழங்கையை வச்சே."

மேசையின் மணி அடித்தது. சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வண்டி வருது. போ. ஏத்திக் கொடு. நான் என்ன அதைப் பூட்டியா வச்சிருக்கேன்?"

"நீ..."

"போ அக்கா."

பெரியவள் கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். தலைக்கு மேல் தங்கையின் குரல் வந்தது. "...பயணிகள் கவனத்திற்கு. இறங்குபவர்களுக்கு வழி விட்டு ஏறவும்." ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்கிற வரிதான். இன்றைக்கு 'இறங்குபவர்களுக்கு' என்ற வார்த்தையில் மட்டும் ஒரு சிறு வழுக்கல்.

நடைமேடையில் எல்லாரும் பெரியவளையே பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

*

வீட்டில் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் கிடார் பை, பாதி ஜிப்போடு. தொட்டிருக்கவில்லை. தொடாதே என்றால் தொடாத பிள்ளை.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசுதான் கொஞ்சம் மந்தம்." பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பியை வெளியே எடுத்தாள். "உன் சித்திக்காக இறக்கி வச்சது இது."

"சித்திக்கா? சித்தி பாடுவாங்களா?"

இருபது வயதுப் பெண்ணுக்கு அதுவே செய்தி. பெரியவள் சொன்னாள், எதையும் மறைக்காமல், தன் வயிறு எரிந்ததையும் விடாமல். தலைப்பக்கத்து உடைந்த மூலையைத் தடவிக்கொண்டே, முதல் கச்சேரிக்குப் போகும்போது சின்னவள் ரயில் கதவில் இடித்ததையும், இறங்குகிற வரை அழுதுகொண்டே வந்ததையும் சொன்னாள். கணவர் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்று கேட்டார். அவருக்கும் பாதி புதிதுதான்.

"நான் ஏத்தட்டுமா, நீ ஏத்துறியா?" மகள் மெதுவாகக் கேட்டாள்.

"நான் இறக்கினது. நானே ஏத்துறேன்."

தடித்த கம்பியிலிருந்து தொடங்கினாள். கால் திருகு. தட்டிக் கேட்டாள். இன்னும் ஒரு மயிரிழை. மகள் போனை நீட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் அதைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கம்பியும் நின்ற இடத்தில் போனில் பச்சை விளக்கு எரிந்தது. மெல்லிய கம்பிக்கு வந்தபோது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முனகியது. அறுந்துவிடவில்லை.

"ஆறுக்கு ஆறு," என்றார் கணவர். "மந்தமான காதாம். அவன் அட்ரஸைக் கொடு, நான் போய் அவன் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்த்துட்டு வர்றேன்."

மகள் வெடித்துச் சிரித்தாள். காலையிலிருந்து அடைத்திருந்த சிரிப்பு.

பெரியவள் ஒரே ஒரு தடவை எல்லாக் கம்பியையும் மீட்டினாள். பள்ளிக்கூடத்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது சிவப்பியின் சத்தம். தன்னுடையதுதான், ஆனால் தன்னை விட்டு வெளியே கிளம்பிவிட்டது. ஆம்ப் இரைந்தது. கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்து அடக்கி, அப்படியே மகளின் மடிக்கு மாற்றினாள். மகளின் கை வரும்வரை தன் கையை எடுக்கவில்லை.

"வாசி. காது பழகட்டும்."

*

நாலு இருபதுக்கு வண்டி. பெரியவளும் கூடவே ஸ்டேஷனுக்கு வந்தாள். மகளின் தோளில் பை அவள் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

"பயமா இருக்கும்மா."

"இருக்கட்டும். வால்யூமை மட்டும் ரெண்டு தடவை திருகிட்டு ஆரம்பி. இல்லேன்னா இருமும்."

ஒலிபெருக்கி திறந்தது. வண்டி வருவதைச் சொன்னது. இறங்குபவர்களுக்கு வழி விட்டு ஏறச் சொன்னது. எப்போதும் அங்கே முடிந்துவிடும். இன்று முடியவில்லை. சற்று இடைவெளி விட்டு, அதே அரசாங்கக் குரலில் தொடர்ந்தது.

"முதலாம் நடைமேடையில் நீளமான பை வைத்திருக்கும் பெண் பயணி கவனத்திற்கு. பையின் தலைப்பக்கத்தைக் கதவில் இடிக்காமல் ஏறவும்."

மகள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "என்னையாம்மா சொல்றாங்க?"

"உன்னைத்தான்," என்றாள் பெரியவள். "உன் சித்தி."

மகள் கோடியில் இருந்த ஜன்னலை நோக்கிக் கையை ஆட்டினாள். பிறகு குனிந்து, பையை ஒரு குழந்தையைப்போல் முன்பக்கம் அணைத்துக்கொண்டு, கதவின் நடுவாக ஏறினாள். வண்டி நகர்ந்தது.

எட்டு மாதத்தில் முதல் முறையாகப் பெரியவள் அந்த நடைமேடையில் வெறுமனே நின்றாள். வீட்டில் கிடார் வைக்கிற மூலை இப்போது காலியாக இருக்கும். சிவப்பி திரும்பி வரலாம். மகளோடு வேறெங்காவது தங்கியும் விடலாம். அதை ஐந்து மணிக்கு யாரோ முடிவு செய்வார்கள். வலிக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். வலித்தது. ஆனால் காலையில் பயந்த அளவுக்கு இல்லை.

அப்போது தலைக்கு மேல் யாரோ செருமினார்கள். பிறகு மிக மெதுவாக ஒரு முனகல். வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். அவர்கள் இருவரும் சேர்ந்து கட்டிய முதல் பாட்டின் முதல் வரி.

பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒருவர் செய்தித்தாளை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். பெரியவள் அறிவிப்பு அறையைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் எதையோ எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்திருந்தாள். பக்கத்தில் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மறந்துவிட்டாளா, தெரிந்தேதானா?

காது தன் பாட்டுக்கு அளந்தது. குரல் இப்போது நிற்கிற இடம் பழைய இடம் இல்லை. அரை போதாது. முழுதாக ஒரு கட்டை இறக்க வேண்டும்.

கைப்பையின் வாரில் பெரியவளின் இடது கை விரல்கள், ஒரு கட்டை கீழே, இடம் தேட ஆரம்பித்திருந்தன.